கொட்டாவிக்கு எழும்பிய கை

முத்துசாமியின் இடது கை எழும்பியதை முதலில் பார்த்தவள் நான்தான். வேண்டுமென்று பார்க்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் காற்றுக்காக ஓட்டை ஓட்டையாக விட்ட ஜாலி என் அடுப்படிப் பக்கம் இருக்கிறது. குழம்பு கொதிக்கும் வரைக்கும் எங்கேயாவது பார்த்துத்தானே ஆக வேண்டும்.

விழுப்புரத்தில் பதினெட்டு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர் முத்துசாமி. 2014 ஆவணியில் பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் மூன்று மாதத்தில் ஓரளவு திரும்பி வந்தது. கை வரவில்லை. பிசியோதெரபிக்காரர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வராமல் நின்றுவிட்டார். முத்துசாமியின் மனைவி அம்சவள்ளி நிற்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தூக்கிக்கினுதான் இருக்கேன் அம்சா" என்பார் முத்துசாமி. கை மடியில் சுரைக்காய் மாதிரி கிடக்கும்.

அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். வாய் திறக்கத் திறக்க அந்தச் சுரைக்காய் மடியை விட்டு எழும்பி நெஞ்சு வரைக்கும் வந்தது. வாய் மூடியதும் இறங்கிப் படுத்துக்கொண்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்சவள்ளியிடம் மட்டும் சொன்னேன். ரேஷன் கடையில் வைத்துச் சொன்னேன் என்பது உண்மைதான். முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர் நின்றார்கள். வரிசை அப்படி.

அம்சவள்ளி வீட்டு வாசலிலேயே இட்லி மாவு விற்கிறவள். விடிந்தால் கிரைண்டர், பொழுது போனால் கிரைண்டர். நடுவில் ஒரு வருஷமாக இவருக்குச் சட்டை மாட்டிவிட்டவளும் அவள்தான்.

"கொட்டாவிக்கு எழும்புற கை, நான் கூப்ட்டா எழும்பாதாக்கா? இன்னா நாடகம் ஆடிக்கினு இருந்திருக்காரு பாரு!"

வெள்ளிக்கிழமை வளவனூரில் அவர் தம்பி மாரியப்பன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று முடிவு செய்தாள். "அங்க போய் கொட்டாவி உடட்டும்." பையில் நாலு வேட்டியை மடித்து வைத்தாள். முத்துசாமி பையைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை ஒரு வருஷமாகச் சொல்லியாயிற்று. நம்புகிற ஆள்தான் கிடைக்கவில்லை.

புதன்கிழமை திண்டிவனத்திலிருந்து அம்சவள்ளியின் தங்கை மகள் சங்கவி வந்து இறங்கினாள். இன்ஜினியரிங் கடைசி வருஷம். கையில் ஒரு லேப்டாப், ஒரு டப்பா. டப்பாவுக்குள் தீப்பெட்டியில் பாதி அளவு வெள்ளைப் பெட்டிகள் இரண்டு. அடியில் ஸ்டிக்கர். ஒயரே கிடையாது. தோலில் ஒட்டினால், உள்ளே தசை வேலை செய்யும்போது கிளம்பும் துளி மின்சாரத்தைப் பிடித்து லேப்டாப்புக்கு அனுப்புமாம். அங்கே அது கோடாக ஓடும். பக்கவாதம் வந்த கை ஒன்று அவளுடைய ப்ராஜெக்ட்டுக்குத் தேவை.

"கரண்டு வைக்கிற மெஷினா?" என்றாள் அம்சவள்ளி.

"இல்ல பெரியம்மா. இது கரண்டு கொடுக்காது. உள்ள இருக்கறத பாக்கும், அவ்ளோதான்."

"கொடுக்காதா? அப்ப எதுக்கு ஒட்டிக்கினு?"

நல்ல கை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமென்பதால் முதலில் என் தோளில் ஒட்டினாள். சும்மா உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். கோடு துள்ளியது.

"ஆன்ட்டி, கழுத்தைத் திருப்பாதீங்க."

தெருவில் மூன்றாம் வீட்டுக் கெங்கம்மாள் புதுச் சேலையில் போகிறாள். நான் என்ன செய்ய முடியும்?

அப்புறம் முத்துசாமியிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். தோளில் ஒன்று, மேல்கையில் ஒன்று ஒட்டினாள்.

"தூக்குங்க பெரியப்பா."

அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கை மடியிலேயே கிடந்தது. ஆனால் திரையில் கோடு சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. "விடுங்க" என்றதும் படுத்தது. ஐந்து தடவை சொன்னாள், ஐந்து தடவையும் அப்படியே.

"பெரியப்பா நெஜமாவே தூக்குறாரு. தசைக்குச் சேதி போவுது, கை எழும்பற அளவுக்குப் பத்தல."

"கொட்டாவிக்கு மட்டும் பத்துதா?"

"அது அவரு தூக்கறது இல்ல பெரியம்மா. பக்கவாதம் வந்த சில பேருக்குத் தானா எழும்பும்னு எங்க மேடம் சொன்னாங்க."

அந்த மேடத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கையை நான் பார்த்திருக்கிறேன்.

அம்சவள்ளியும் விடவில்லை. "நீ கேட்டா தூக்குறாரு. பொண்ணு முன்னாடி மானம். யாரும் கேக்காதப்ப இன்னா பண்றாருன்னு பாக்கணும்."

ஒயர் இல்லாததால் அதற்கும் வழி இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் வரைக்கும் எட்டும் என்றாள் சங்கவி. "ஆனா அவருக்குத் தெரியாம பாக்கறது தப்பு" என்றும் இழுத்தாள். பார்க்கலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எந்த வீட்டிலிருந்து என்று தாளில் இல்லையே என்று நான் எடுத்துச் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை பெட்டிகளை அவருக்கு ஒட்டிவிட்டு, "கழட்டாதீங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, மூன்று பேரும் என் அடுப்படிக்கு வந்தோம். லேப்டாப்பை அரிசி டிரம்மின் மேல் வைத்தாள்.

கோடு படுத்திருந்தது. பத்து நிமிஷம். காபி போட்டேன். அப்போதும் படுத்திருந்தது.

"பாத்தியாக்கா?" என்றாள் அம்சவள்ளி. குரல் ஜெயித்தவள் குரல் மாதிரி இல்லை. "நாளைக்கு ஒன்பது மணி பஸ்சுக்குக் கெளம்பிடணும்."

தெருவிலிருந்து ஒரு சத்தம். "அம்சா, மாவு!" கெங்கம்மாள்.

கோடு துள்ளியது.

"அவ கத்தறது இதுல ஏறுது."

"சத்தமெல்லாம் ஏறாது பெரியம்மா."

"அம்சோவ்! யாரும் இல்லையா?"

கோடு இன்னும் உயரமாக எழுந்தது. இந்தத் தடவை இறங்கவில்லை. மேல்கைப் பெட்டியின் கோடும் கூடச் சேர்ந்துகொண்டது. "எதையோ புடிச்சுக்கினு இருக்காரு" என்றாள் சங்கவி. நான் ஜாலி வழியாகப் பார்த்தேன். நாற்காலி காலி. ஜாலியிலிருந்து வாசல் தெரியாது, கட்டினவன் அப்படிக் கட்டிவிட்டான். அம்சவள்ளி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உடாத" என்றாள், யாரிடமோ.

கோடு நடுங்கியது. அப்புறம் அண்டா விழுந்த சத்தம்.

ஓடினோம். மாவு வாசல் வரைக்கும் போயிருந்தது. நடுவில் முத்துசாமி நின்றுகொண்டிருந்தார், வலது கையில் கரண்டி. ஸ்டூல் மேல் இருந்த அண்டாவை இடது முழங்கையால் வயிற்றோடு அணைத்துச் சாய்த்திருக்கிறார்.

"கெங்கம்மா எவ்ளோ நேரம் நிக்கும்?" என்றார். "ஒரு லிட்டர் ஊத்திட்டேன். ரெண்டாவதுக்குக் கை உட்டுடுச்சி."

"ஊத்தினாரு அம்சா, நெசமா" என்று கெங்கம்மாள் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து காட்டினாள்.

"ஒரு அண்டா மாவு! உன்ன யாருய்யா எழுந்திருக்கச் சொன்னது?" என்று அம்சவள்ளி ஆரம்பித்தாள். கால் மணி நேரம் திட்டினாள். திட்டிக்கொண்டே அவர் இடது கையை எடுத்து, ஒவ்வொரு விரலாக வழித்து, முந்தானையில் துடைத்தாள். ஐந்து விரலையும் இரண்டு தடவை துடைத்தாள்.

சங்கவி என் வீட்டுக்கு ஓடினாள், கோட்டைச் சேமித்து வைக்க.

வெள்ளிக்கிழமை வளவனூர் பஸ் போயிற்று. பை காலியாக ஆணியில் தொங்கியது. கட்டியிருந்த வேட்டி மாவாகிவிட்டதால் மாற்று வேட்டி எடுத்தாளாம். நாலையுமா என்று கேட்டேன். பதிலுக்குக் கிரைண்டரைப் போட்டாள்.

சனிக்கிழமை பார்த்தால் ஜாலியில் அந்தப் பக்கமிருந்து ஒரு சாக்கு சொருகி வைத்திருக்கிறது. அடுப்படியில் காற்றே இல்லை. ஆனால் ஒரு கையால் செய்த வேலை, கோணலாக இருக்கிறது. கீழ் மூலை சரியாக அடைபடவில்லை. எனக்கு அந்த மூலை போதும்.