முற்றத்துப் பனி

ஹெலிகாப்டரின் வயிற்றில் பொருத்திய லேசர் கருவிக்குப் பள்ளிக்கூட முற்றம்தான் அளவுகோல். பனி வழிக்கும் வண்டி ஓட்டும் யோஸ்டைன் தினமும் ஏழு மணிக்குள் அங்கே பனியை வழித்துத் தார்த்தரையை வெளியே காட்டிவிடுவான். சுன்னிவா முதலில் அதன்மேல் பறந்து கருவியைச் சரிபார்ப்பாள், பிறகு மலைச்சரிவை அளப்பாள். சரிவில் பனி இரண்டு மீட்டரைத் தாண்டினால் அடிவாரத்துப் பதினோரு வீடுகளும் காலியாக வேண்டும்.

மூன்று நாள் புயல் ஓய்ந்து அன்று காலைதான் மறுபடி பறந்தாள்; விடியாத இருட்டில் கண்ணுக்குத் தெரியாத முற்றத்தைக் கருவி நாற்பது சென்டிமீட்டர் உயர்த்திக் காட்டியது. குளிரில் கருவி இப்படி விலகுவதுண்டு. நாற்பதைக் கழித்துக்கொண்டாள். சரிவில் ஒரு மீட்டர் எழுபது வந்தது. மூன்று நாளாக மீனவர் கூடத்தில் தங்கவைத்திருந்த அடிவாரத்துக்காரர்களை அவளே வீட்டுக்கு அனுப்பினாள்.

மதியம் கடையில் யோஸ்டைன் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பதைச் சுன்னிவா பார்த்தாள்.

"என்னடா, செத்துப் பொழச்சவன் மாதிரி இருக்க?"

"மூணு நாளா காய்ச்சல். வண்டியவே தொடல. பள்ளிக்கூடமும் லீவு, ஒருத்தனும் கேக்கல."

"அப்ப முற்றம்?"

"முழங்காலுக்குக் கிடக்கு. ஏன், டான்ஸ் ஆடப் போறியா?"

முற்றத்தில் பனியையே தார்த்தரை என்று எடுத்துக்கொண்டதால் சரிவின் அளவிலும் அதே நாற்பது குறைந்திருந்தது. சரிவில் இருப்பது இரண்டு மீட்டர் பத்து.

அங்கிருந்தே போலீசுக்குப் போன் செய்து, தப்பு தன்னுடையது, வீடுகளை மறுபடி காலிசெய்ய வேண்டும் என்றாள். பத்து வீடுகள் திட்டிக்கொண்டே காலியாயின. பதினோராவது வீட்டுக்கு அவள் போனபோது எட்வின் மீன் வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"மிஷின் பொய் சொல்லாதுன்னு காலைல நீதான சொன்ன?"

"நான்தான் தப்பா சரிபாத்துட்டேன், எட்வின். கெளம்புங்க."

"இப்பவும் தப்பா இருக்கலாம்ல? மூணு ராத்திரி ஒருத்தன் குறட்டைய காதுல வாங்கிட்டுக் கெடந்தேன். இனி முடியாது, பொண்ணே."

கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டுக் கதவைச் சாத்தினார். போலீசைக் கூட்டிவர ஓடியவள் பாலத்தை எட்டியபோது காற்று வந்து அவளைக் கீழே தள்ளியது. அதன் பின்னால்தான் சரிவின் பனி இறங்கி வீடுகளை மூடியது.

மேலே மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல் யாரையும் தோண்ட விடமாட்டேன் என்றார் போலீஸ் அதிகாரி. சுன்னிவா பாலத்தின் வெறும் கான்கிரீட்டைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஹெலிகாப்டரில் ஏறி அதன்மேல் கருவியைச் சரிபார்த்து, சரிவை அளந்து இறங்கினாள்.

"முப்பது சென்டிமீட்டர்தான் இருக்கு. போகலாம்."

மண்வெட்டியோடு நின்ற இருபது பேரில் ஒருவரும் அசையவில்லை. அதிகாரி தன் பூட்ஸைப் பார்த்தார்.

அவள் ஒரு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு தனியாக நடந்தாள். மலை அவள்மேல் விழவில்லை என்று பார்த்த பிறகே மற்றவர்கள் வந்தார்கள். கால் மணி நேரம் போயிருந்தது.

எட்வினை வெளியே எடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.