சூட்டோடு அறுத்த ரொட்டி

பிப்ரவரி பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலை முதல் தூறல். காற்றில் ஈரம் மிகுந்திருந்தமையால் மூட்டையிலிருந்த மாவெல்லாம் கட்டி தட்டிக் கிடந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கொழுந்தியாள் பேக்கரியின் பின்கட்டில் இரண்டு ரொட்டிகளைச் சுட்டெடுத்தாள். கடையின் மாஸ்டர் அவளுடைய அக்காள் கணவர். ஆதலால் பணியாளர் அனைவருக்குமே அவள் கொழுந்தியாள்தான். கோதுமை அவள் குடலுக்கு ஆகாது. பதினோரு ஆண்டுகள் அக்கடையில் பொட்டலம் கட்டியும், அங்கு விற்ற ரொட்டியில் ஒரு துண்டைக்கூட அவள் வாயில் வைத்ததில்லை.

அவளையொத்த நோயாளிகளுக்குக் கோதுமை கலவாத ரொட்டி வேண்டுமென்று மருத்துவமனை கேட்டிருந்தது. மூன்று மணிக்கு அங்கிருந்து உணவு அதிகாரியான அம்மையார் ஒருவர் வருவார். அவர் ஒப்புக்கொண்டால் பின்கட்டு அறையும் அதிலுள்ள சிறிய ஓவனும் கொழுந்தியாளின் பொறுப்பு. இல்லையேல் மீண்டும் பொட்டலம் கட்டும் மேசை. கடைக்கு உரிமையாளரான அக்காள் இவ்வாறு அறுதியிட்டுக் கூறியிருந்தாள்.

மாஸ்டருக்கோ இது பொறுக்கவில்லை. சென்ற மாதம் அவர் இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குச் சென்றார். முதல் நாள் உறங்கினார். மறுநாள் புகைப்படம் எடுத்துக்கொண்டார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். இவர் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் 'சர்டிபிகேட்' என்றே பெயர். அத்தகைய மேதை கொழுந்தியாள் கலக்கும் மரவள்ளி மாவைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார். சட்டைக்குப் போடுகிற கஞ்சியை ஊரார் வயிற்றில் ஊற்றப் பார்க்கிறாள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அரிசி மாவை மட்டும் நம்பினால் ரொட்டி மணல்வீடாக உதிரும். மரவள்ளி மாவு மிகுந்தாலோ செருப்புத் தோலாக இழுக்கும். மூன்றுக்கு ஒன்று என்னும் அளவை ஒன்பது ரொட்டிகளைப் பாழாக்கிய பின்னரே கொழுந்தியாள் கண்டறிந்தாள். மற்றொன்றையும் கண்டறிந்தாள்: அந்த ரொட்டி சூடாக இருக்கும்வரை உள்ளே வெறும் பசை; ஆறி இறுகினால்தான் ரொட்டி. இதனை அன்று காலையிலேயே மாஸ்டரிடம் இருமுறை சொல்லியிருந்தாள். அவருக்குக் காது கேட்கும், புத்திதான் கேட்காது.

அதிகாரி அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். கொழுந்தியாள் அச்சுகளைக் கழுவச் சென்றிருந்தாள். மைதா ரொட்டியை ஆவி பறக்க அறுத்துக் காட்டி வாடிக்கையாளரை மயக்குவது மாஸ்டரின் நெடுநாள் வித்தை. வேறு வித்தை அறியாத அவர், முன்கட்டிலிருந்து தம் கத்தியைக் கொண்டுவந்து ஒரு ரொட்டியை அறுத்தார். கத்தி உள்ளே அமிழ்ந்தது. வெளியே வரும்போது நூல்நூலாகப் பசையை இழுத்துக்கொண்டு வந்தது.

கொழுந்தியாள் திரும்பி வந்தபோது மாஸ்டர் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி.

"பாருங்க மேடம், நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இது ரொட்டியில்ல, போஸ்டர் ஒட்டுற பசை."

"சுடச்சுட அறுத்தா அப்படித்தான் மாமா இருக்கும். இன்னொண்ணு ஆறட்டும்," என்றாள் அவள்.

"ஆறுற வரைக்கும் மேடம் உக்காந்து விசிறி விடுவாங்களா?"

ரொட்டி நோயாளிகளுக்கு எப்போது போய்ச் சேரும் என்று அதிகாரி வினவினார். மறுநாள் காலையில் என்றாள் கொழுந்தியாள். அப்படியானால் தாம் மட்டும் ஏன் சூடாக உண்ண வேண்டும் என்று கூறி, அவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் மாஸ்டர் தம் பயிற்சியின் பெருமையை விரித்துரைத்தார். இவ்வகை ரொட்டியை ஆறவைப்பது குறித்து அங்கே என்ன கற்பித்தார்கள் என்று அதிகாரி ஓரிடத்தில் கேட்டார். மாஸ்டர் சான்றிதழை ஏறிட்டுப் பார்த்தார். விடை அதிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

நாலரை மணிக்கு ரொட்டி ஆறியது. மாஸ்டர் பசையைத் துடைத்துவிட்டு அதே கத்தியுடன் முந்தினார். கொழுந்தியாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவர் பேச்சைக்கூட அவள் மறித்ததில்லை.

"கத்திய வைங்க மாமா. பிடியோரமா மைதா ரொட்டித் தூள் ஒட்டியிருக்கு. அது போதும், என்னை மாதிரி ஆளுங்க ரெண்டு நாள் எந்திரிக்க முடியாது."

"ஒரு தூளுக்கா இந்த ஆட்டம் ஆடுற?"

"அந்த ஒரு தூளுக்காகத்தாங்க நானே வந்திருக்கேன்," என்றார் அதிகாரி.

கொழுந்தியாள் தன் அலமாரியிலிருந்து புதுக்கத்தியை எடுத்து அறுத்தாள். துண்டு வளைந்தது, ஒடியவில்லை. அதிகாரி எதையும் தடவாமல் ஒரு துண்டு முழுவதையும் தின்றார். பின்னர்ப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பொறுப்பாளர் என்றிருந்த இடத்தைக் கண்டதும் மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார். அதிகாரி தாளைக் கொழுந்தியாளின் பக்கம் திருப்பினார்.

"இவரு இந்த ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு ஒரு வரி சேர்த்துக்கலாமா?"

"சேர்த்துக்கங்க," என்றாள் கொழுந்தியாள்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. அவளுக்கு அடுப்பு பற்றவைக்கக் கற்றுக்கொடுத்ததே தாம்தான் என்று முன்கட்டில் எவரிடமோ மாஸ்டர் சொல்லத் தொடங்கியிருந்தார். கொழுந்தியாள் கதவைச் சாத்திவிட்டு வந்து கையொப்பமிட்டாள். அப்போது மணி சரியாக நான்கு நாற்பத்திரண்டு.