ரோலுக்கு ஒரு மீட்டர்

மூன்றாவது முறை எண்ணிப் பார்த்தபோதும் கணக்கு இடித்தது. சாம்பல் நிறச் சட்டைத் துணி பதினொன்றரை மீட்டர் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. அலமாரியில் இருந்ததோ பத்தேகால். பழுப்புக்கும் அதே கதி, கட்டம் போட்டதற்கும் அதே கதி. எந்த வண்ண ரோலை இறக்கி அளந்தாலும் ஒரு மீட்டரும் சொச்சமும் குறைந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அக்கா இருபத்திரண்டு வருடம் ஒரு மருந்துக் கிடங்கில் இருப்புப் பார்த்தவள். அங்கே ஒரு மாத்திரை அட்டை குறைந்தால்கூட அது கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. கிடங்கை மூடியதும் தம்பியின் துணிக்கடைக்கு வந்தாள், வந்த அன்றே தலையில் அடித்துக்கொண்டாள். கடை இருப்பு முழுவதும் தம்பியின் மண்டைக்குள் இருந்தது. "பச்சை எவ்வளவு இருக்குடா?" என்று கேட்டால், "இன்னும் ரெண்டு கவுனுக்கு வரும்" என்பான். எந்தக் கவுன், யார் உடம்புக்கு என்று கேட்டால் மேலே பார்ப்பான்.

ஒரே மாதத்தில் அக்கா எல்லா ரோலுக்கும் எண் கொடுத்து அட்டை கட்டினாள். வெட்டுகிற ஒவ்வொரு துண்டின் அளவையும் சீட்டில் எழுதித் தன் மேசைக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டாள். தம்பி முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். மூன்று மாதம் போனது. இன்றைக்குத்தான் முதல் முழு எண்ணிக்கை, அதுவும் இந்த லட்சணத்தில் முடிந்திருந்தது.

துணி காற்றில் கரையாது. அப்படியானால் யாரோ எடுக்கிறார்கள். கடையில் இருப்பது மூன்றே பேர்: அக்கா, தம்பி, மிளகு.

மிளகு என்பது தம்பி வைத்த பெயர். ஆள் ஐந்தடிகூட இல்லை, வாயோ அவ்வளவு காரம். பதினோரு வருடமாகத் துணி மடிக்கிறாள், வெட்டுகிறாள், ஏணியில் ஏறி மேல்தட்டைத் துடைக்கிறாள். மதியம் அக்காவும் அவளும்தான் பின்னறையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள். இந்த வயதில் இப்படி ஒரு தோழி கிடைப்பாள் என்று அக்கா நினைத்ததே இல்லை.

ஆனால் மிளகின் மகளுக்கு மாதம் ஒரு புதுப் பாவாடை வருகிறது. ஒரு பாவாடைக்கு ஒரு மீட்டர் போதும். ஒரே ரோலில் கைவைத்தால் தெரிந்துவிடும் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறாளோ? கேட்காமல் விட்டால் கண்ணெதிரே நடக்கிற திருட்டுக்குக் காவல் இருப்பதாக ஆகும். கேட்டுவிட்டாலோ, மிளகு அந்த நிமிடமே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். பிறகு காலில் விழுந்தாலும் திரும்ப மாட்டாள்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டாள். மிளகு பின்னறைக்குப் போனால் அக்காவுக்கும் அங்கே வேலை வந்தது. மிளகு ஏணியில் ஏறினால் அக்கா கீழே நின்று அலமாரியைத் தூசி தட்டினாள். கிடங்கில் பெரிய துப்பறியும் புலி என்று பெயர் எடுத்தவள், அந்த மூன்று நாளும் எல்லாரும் பார்க்கும்படி விழித்துக்கொண்டு நின்றாள்.

நான்காம் நாள் மாலை கிளம்பும்போது மிளகு தன் கைப்பையை அக்காவின் மேசையில் வைத்து அதன் வாயை அகலத் திறந்தாள். டப்பா, குடை, சீப்பு, ஒரு பஸ் டிக்கெட்.

"ஜிப் போயிடுச்சா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு. காத்தாடட்டும்னு வெச்சேன்."

சொல்லிவிட்டு, அக்கா பார்த்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "வரேங்க்கா" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வழக்கம்போல்தான் அக்காவைக் கொன்றது. நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பட்டியலை மறுபடி விரித்தாள். இந்த முறை குறைவதைப் பார்க்கவில்லை, குறையாதது ஏதாவது உண்டா என்று தேடினாள். இருந்தது. ஒரே ஒரு தட்டு. வெள்ளை ரோல்கள் ஏழு, ஏழிலும் ஒரு விரற்கடைகூடப் பிசகில்லை.

"டேய், வெள்ளையை யாரு வெட்டுறது?"

"மிளகுதான். வெள்ளையப் பார்த்தா எனக்குக் கண்ணு கூசுது."

"மத்ததெல்லாம்?"

"வேற யாரு? நான்தான்."

அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வெட்டுமேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாடிக்கையாளர் திரைக்கு மூன்று மீட்டர் கேட்டார். மேசை ஓரத்தில் பதித்த பித்தளை அளவுகோலில் தம்பி துணியை இழுத்து இழுத்துப் போட்டான். மூன்று சரியாக வந்தது. வந்ததும் நான்கு விரலைச் சேர்த்துத் துணிமேல் வைத்தான். விரலுக்கு இந்தப் பக்கம் வெட்ட வேண்டிய கத்திரி அந்தப் பக்கம் போய் வெட்டியது. சீட்டில் 'மூன்று' என்று எழுதினான்.

"என்னடா அது?"

"எது?"

"அந்த நாலு விரல்."

"எந்த நாலு விரல்?"

அவன் நடிக்கவில்லை. அவனுக்கே தெரியாது. அக்கா அடுத்த பத்துத் துண்டையும் வெட்டியவுடன் பிடுங்கி அளந்தாள். பத்திலும் ஏழு சென்டிமீட்டர் கூடுதல், ஒன்றுகூடத் தப்பவில்லை. முன்பெல்லாம் முதல் சலவையில் துணி சுருங்கும் என்று, இந்தக் கடையை நடத்திய அப்பா நான்கு விரல் விட்டு வெட்டுவார். இப்போது வருவது சுருங்காத துணி. அவரிடம் பழகிய தம்பியின் கைக்கு அதை யாரும் சொல்லவில்லை.

தம்பி அசடு வழிந்தான். "அப்போ மூணு மாசமா நானேதான் என் கடையில திருடிட்டு இருந்தேனா?"

"மூணு மாசமா? இருபது வருஷமாடா!"

மடித்துக்கொண்டிருந்த மிளகு தலையைத் தூக்கவில்லை. அக்கா எழுந்து அவளிடம் போனாள். இதற்கு முன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, வார்த்தைகள் தட்டுத்தடுமாறின.

"நான் உன்னைத்தான் நினைச்சேன், மிளகு. தப்பு. ரொம்பப் பெரிய தப்பு."

"தெரியும்க்கா."

"அவன்தான்னு உனக்குத் தெரியுமா?"

"பதினோரு வருஷமாப் பார்க்கிறேனே. அவரு கைன்னு சொன்னா, என்னைக் காப்பாத்திக்க அண்ணனைக் காட்டிக்கொடுக்குறேன்னு நினைப்பீங்க. எண்ணத் தெரிஞ்சவங்க, எண்ணிக் கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டேன்." பிறகு மெதுவாகச் சேர்த்தாள். "ஆனா நாலு நாளா சாப்பாடு இறங்கலக்கா."

"அந்தப் பாவாடை..." என்று தொடங்கி அக்கா நிறுத்திவிட்டாள்.

"பழைய திரையை வெட்டித் தைக்கிறது. கேட்டிருந்தா கொண்டுவந்து காட்டியிருப்பேன்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மிளகு மடித்த துணியின் ஒரு நுனியை அவள் கையில் திணித்து, "பிடிங்க, ரெண்டு பேரா மடிச்சா சீக்கிரம் முடியும்" என்றாள். அன்று மதியம் இரண்டு டப்பாவும் காலியாயின.

தம்பி அளவாக வெட்டப் பழகினான். இரண்டு நாள் தாங்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வெட்டியதில் ஓரமெல்லாம் கோணலாகப் போயிற்று. தெருமுனைத் தையல்காரர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாக விசாரித்தார். அக்கா சிரித்துவிட்டாள். போகட்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் சேர்த்தாள்: தம்பி வெட்டினால் துண்டுக்கு ஏழு சென்டிமீட்டர் தானாகக் கழியும். நான்கு விரல் தெரிந்தே போனால் அது குறைவு இல்லை.

"ஆனா இனி நான் எண்ண மாட்டேன்" என்று அறிவித்தாள். "எண்ணுறது மிளகு. சாவியும் அவகிட்டதான்."

"இது எதுக்குக்கா?" என்றாள் மிளகு.

"எனக்கு உன்மேல நம்பிக்கைன்னு வாயால சொன்னா நீ சிரிப்பே. அதுக்கு."

மிளகு சாவியை வாங்கிக்கொண்டாள். மாதக் கடைசியில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, காலையிலிருந்து தட்டுத் தட்டாக இறக்கி அளந்தாள். அக்கா கைகட்டிச் சும்மா இருக்க முடியாமல் மூன்று தடவை டீ போட்டாள். சாம்பல் சரி. பழுப்பு சரி. கோடு, கட்டம், வெள்ளை எல்லாம் சரி. கடைசித் தட்டில் மிளகு பென்சிலை எடுத்துக் கன்னத்தில் தட்டினாள்.

"அக்கா, மஞ்சப் பூப்போட்டதுல ரெண்டரை மீட்டர் குறையுது."

"அதெப்படி?" என்று பாய்ந்து வந்தாள் அக்கா. "சீட்டுப் பாரு. தம்பி வெட்டினானா?"

"அண்ணன் அந்த ரோலைத் தொடவே இல்ல. நானும் தொடல." மிளகு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "போன ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தேன்ல, அப்போ ஜன்னல்ல அழகா ஒரு திரை தொங்குச்சு. அதுக்குச் சீட்டு யாருக்கா எழுதினது?"

தம்பி மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான். அவன் முதுகு குலுங்கியது. அக்காவுக்குக் காது நுனிவரை சூடேறியது. தன் மேசைக்குப் போய், கைப்பையை எடுத்து வந்து மிளகின் முன்னால் வைத்தாள். பிறகு, தானே பையின் வாயை அகலத் திறந்தாள்.