பிளக்குக்குள் அடங்கிய வெளிச்சம்

அண்ணி ஐந்து நாளில் பன்னிரண்டு கறுப்புக் கோட்டுகள் தைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வாத்தியக் குழு தந்த வேலை. கறுப்புத் துணி, கறுப்பு நூல். ஊசி எங்கே இறங்குகிறது என்றே தெரியவில்லை. மெஷினில் ஒட்டியிருந்த குட்டி விளக்குக்கு மின்சாரம் தரும் அடாப்டரோ செங்கல் கனம். மெஷின் அதிரும்போதெல்லாம் பிளக் பாயிண்டிலிருந்து நழுவி விழும், விளக்கும் அணையும்.

"இந்தச் சனியனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கவே ஒரு ஆள் வேணும்" என்றாள்.

நாத்தனாருக்கு அன்று விடுமுறை. ஃபேன் ரெகுலேட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. எந்நேரமும் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியோடு திரிவதால் அண்ணன் அவளை 'ஈயக்குச்சி' என்றுதான் கூப்பிடுவான். அடாப்டரைத் திறந்து பார்த்தாள்.

"கனமெல்லாம் இந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் அண்ணி. இது இல்லாமலே செஞ்சிடலாம். மொத்தத்தையும் பிளக்குக்குள்ளயே அடக்கிக் காட்டவா?"

"உன் வாயே அடங்காது, அது அடங்குமா?" என்றான் அண்ணன்.

ரோஷத்தோடு உட்கார்ந்தாள். மின்சாரத்தைக் குறைக்க முதலில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டாள். விளக்கு எரிந்தது, ரெசிஸ்டரும் கூடவே எரியப் பார்த்தது. கருகல் நாற்றம் வந்ததும் ஸ்விட்சை அணைத்தாள்.

அப்போதுதான் பொறி தட்டியது. தினமும் கையில் புரளும் ரெகுலேட்டரில் ஃபேன் வேகத்தைக் குறைப்பது எது? கெபாசிட்டர். அது சூடாவதே இல்லை.

"மடச்சி, மடச்சி" என்று தன்னையே திட்டிக்கொண்டு பையைக் கொட்டினாள். வீட்டு மின்சாரத்தைத் தாங்கும் கெபாசிட்டர் ஒன்று கிடைத்தது, புளியங்கொட்டை அளவில். வேண்டிய அளவு மின்சாரத்தை மட்டும் அது விடும். முன்னும் பின்னும் அலையும் அந்த மின்சாரத்தை நான்கு டயோடுகள் ஒரே திசையில் திருப்பும். கை பரபரத்தது. அண்ணி தையலை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"விளக்கை ஏன் பிளாஸ்டிக் குழாய்க்குள்ள போட்டு அடைக்கிற?"

"டிரான்ஸ்ஃபார்மர் இல்லேன்னா வீட்டுக் கரண்டுக்கும் இதுக்கும் நடுவுல சுவரே இல்ல அண்ணி. சின்ன விளக்குதானேன்னு கம்பியைத் தொட்டா, மெயின் லைன்லயே கைவெச்ச மாதிரி."

காய்ச்சல் பார்க்கும் கருவியின் உறைதான் அந்தக் குழாய். இரு முனையையும் பசையால் அடைத்து மெஷினில் ஒட்டினாள். பிளக் மூடி மூட மறுத்தது. கெபாசிட்டரைப் படுக்க வைத்து அழுத்தினாள், 'டக்'கென்று மூடிக்கொண்டது.

ஸ்விட்சைப் போட்டதும் ஊசியைச் சுற்றி வெள்ளை வெளிச்சம் கொட்டியது. டெஸ்டரை மெஷின் உடம்பில் வைத்துப் பார்த்தாள். கசிவு இல்லை.

"இழை இழையாத் தெரியுதுடி" என்று அண்ணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. பிளக்கைப் பிடுங்கி, அதன் பித்தளைக் கால்கள் படும்படி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். அடுத்த நொடி துள்ளிக் குதித்தான். பிளக் பறந்துபோய்ப் பொத்தான் டப்பாவில் விழுந்தது.

"பிடுங்கின பிளக்கு கடிக்குமாடி?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருந்திருக்கிறது. அதை வடித்துவிட ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே போட மறந்திருந்தாள். "என் தப்புதாண்ணா" என்று சொல்லி உடனே மூடியைத் திறந்து அதைப் பற்றவைத்தாள். மறுபடி சொருகி, பிடுங்கி, மீட்டரை வைத்தாள். முள் இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

"தொட்டுப் பாருங்க."

"நீ முதல்ல தொடு."

தொட்டாள். பிறகு அவனும் ஒற்றை விரலால் தொட்டுவிட்டுச் சிரித்தான்.

அண்ணி காத்திருக்கவில்லை. பிளக்கை வாங்கிச் சொருகி மெஷினை மிதித்தாள். எவ்வளவு அதிர்ந்தும் பிளக் அசையவில்லை. ஒரு காலரை முடித்த வேகத்தில், முந்தின நாள் தைத்த கோட்டை எடுத்து வெளிச்சத்தில் விரித்தாள். முகம் மாறியது. தையல் எறும்பு ஊர்ந்தது போலக் கோணிக்கோணிப் போயிருந்தது. முடித்து மடித்து வைத்த நாலும் அப்படியே.

"நல்லவேளை, கொடுக்கல" என்றாள். "ஈயக்குச்சி, பிரிக்கிற ஊசியை எடு. நீ ரெண்டு, நான் ரெண்டு."