கேட்காமல் விட்ட தந்தி

1

இந்தக் கதை எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகளிலிருந்து பிறந்தது என்பதைத் தங்களிடம் தயக்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். (“எங்கள் வீடு” என்பது பழக்கத்தில் வந்துவிட்டது. நான் தனியாகத்தான் இருக்கிறேன்.) தூத்துக்குடி இரண்டாம் ரயில்வே கேட் அருகே ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கிறேன். மாடியில் இருக்கும் இளைஞர் மாலையில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கும்போது, என் அடுக்களையில் சாய்த்து வைத்த தட்டுகள் நடுங்கி ஒன்றோடொன்று உரசும். ஒருநாள் முறையிடப் படியேறினேன். கதவு திறந்திருந்தது. அவர் மடியில் இருந்த கிதாரின் தந்திகளை எண்ணினேன். வழக்கமான ஆறு அல்ல, எட்டு.

“சத்தம் ரொம்பக் கேக்கோ, அண்ணாச்சி?”

“இல்ல தம்பி, இல்ல,” என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. இனி வருபவை என் கற்பனை. மாடி இளைஞருக்கு ஜெனிஸ் என்று பெயர் வைத்தவனும் நான்தான். அவர் மன்னிக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: “துறைமுகத்தின் மீது சூரியன் மெல்ல—”

விட்டுவிட்டேன். ஜெனிஸ் துறைமுகத்தையே பார்ப்பதில்லை. சரக்கு முகவர் அலுவலகம் ஒன்றில் அமர்ந்து கன்டெய்னர் எண்களைத்தான் பார்க்கிறான்.

இரண்டாம் தொடக்கம்: “மெட்டல் இசைமீது கொண்ட தீராத காதலால் ஜெனிஸ் எட்டுத் தந்தி—”

இதுவும் பாதி உண்மைதான். ஜெனிஸ், ஷாம், ரோச் ஆகிய மூவரும் மாதா கோவில் பாடகர் குழுவுக்கு வாசித்துப் பழகிய விரல்களை இரைச்சலான மெட்டலுக்குத் திருப்பியவர்கள். ஷாம் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். அவனுடைய டிரம்ஸை லேப்டாப் ஏற்றுக்கொண்டது. கனத்த கீழ் ஸ்வரங்களுக்கான பேஸ் கிதார் வாசித்த ரோச் வேலைக்குக் கப்பலேறினான். ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஜெனிஸ், பிறகு இந்தக் கிதாரை வாங்கினான். இதன் எட்டாவது தந்தி ஏறக்குறைய பேஸின் ஆழம்வரை இறங்கும். வாசித்தால் மூன்று பேர் வாசிப்பதுபோல் இருக்கும். அறையில் இருப்பது ஒருவன்தான்.

ரோச்சிடம் அவன் சொல்லவில்லை. உன் இடத்தில் ஒரு தந்தியை மாட்டிவிட்டேன் என்பதை எப்படிச் சொல்வது? பாட்டை இணையத்தில் ஏற்றும்போதும் கிதார் தெரியாதபடி வெறும் கறுப்புத் திரையைத்தான் வைப்பான்.

3

சிங்கப்பூரிலிருந்து ரோச் அழைத்தான். மாதா கோவில் திருவிழாவுக்கு வருகிறானாம்.

“ஏலே, என்னல வாங்கிட்டு வரணும்?”

உப்புக்காற்றில் துருவேறிய எட்டாவது தந்தி முந்தின நாள்தான் அறுந்திருந்தது. அந்தத் தடிமனில் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. சிங்கப்பூரில் கிடைக்கும். கேட்டால் தெரிந்துவிடும்.

“ஒண்ணும் வேண்டாம்ல.”

“செண்டு பாட்டில்?”

“வேண்டாம்ல. நீ வந்தாப் போதும்.”

“இம்புட்டு நல்லவனா எப்பம்ல ஆன?”

4

ரோச்சின்மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவன் கோபக்காரன். கிதாரைத் தரையில் அடித்து உடைத்தான். எழுதிய எனக்கே மனம் கேட்கவில்லை. அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, முதுகில் பேஸ் பையோடு ரோச் படியேறினான். கிதாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ஜெனிஸ் கதவைத் திறந்தான்.

“என்னல தாடி? சாமியாராப் போறியா?”

“சவரம் பண்ணச் சோம்பல்ல. உக்காரு.”

ரோச் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து தட்டையான ஓர் உறையை எடுத்துக் கட்டிலில் போட்டான். கிதார்த் தந்திகள். உறையின் மேல் பெரிதாக 8 என்று இருந்தது.

“வாயத் தொறந்து கேக்கவே மாட்டியால?”

“ஒனக்கு எப்பிடிலே தெரியும்?”

“படம் போடாட்டா எனக்குக் காதும் கேக்காதால? கேபின்ல ஹெட்செட்ட மாட்டிக் கேட்டேன். என் தடிச்ச தந்தி, ரெண்டாவது ஃபிரெட்டு.* அதே சத்தம். எனக்குப் பதிலா எவனையோ சேத்துட்டான்னு நாலு நாள் ஒறங்கல.”

ஜெனிஸ் அந்த உறையைக் கையில் எடுத்தான்.

“பொறவுதான் வெளங்கிச்சு, அது எட்டுத் தந்தி கிதாருன்னு. எவனுமே இல்ல. நீ மட்டும் ஒத்தையில கெடந்து வாசிக்க. அது அதவிடக் கஷ்டமா இருந்துச்சுல.”

(* ஃபிரெட் என்பது கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி. பேஸின் தடித்த தந்தியை இரண்டாவது கம்பியில் அழுத்தினால் எழும் ஸ்வரமும், எட்டாவது தந்தியை வெறுமனே மீட்டினால் எழும் ஸ்வரமும் ஒன்றே. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன்; பிழையிருந்தால் பொறுத்தருள்க.)

5

முடிவு ஒன்று: இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். எழுதிப் பார்த்தேன். மகிழ்ச்சியை எழுதி எனக்குப் பழக்கமில்லை. வாழ்த்து அட்டைபோல் இருந்தது.

முடிவு இரண்டு: “இனி இது எதுக்குல?” என்று பேஸை அங்கேயே சாய்த்துவிட்டு ரோச் படியிறங்கு—

இல்லை.

தங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பதினொரு நாள்களாக என் தட்டுகள் ஆடவில்லை. மாடியில் வாசிப்பு கேட்கிறது. மெல்லிய தந்திகள் மட்டும். அதனால்தான் கதையிலும் அந்தத் தந்தி அறுந்தது. அன்று வாசலில் நின்று நான் “இல்ல” என்றது பொய். நன்றாகவே கேட்கிறது; அது கேட்கும் மாலைகளில் தனியாகச் சாப்பிடுவதுபோல் தோன்றுவதில்லை. இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பதினொரு நாள்களில் மாடிக்குப் போக மூன்று முறை செருப்பை மாட்டினேன். மூன்று முறையும் கழற்றிவிட்டேன்.

ஆகவே கதையை இங்கே நிறுத்த அனுமதி வேண்டுகிறேன். ஜெனிஸ் கிதாரை வெளியே எடுத்துவிட்டான். புதிய தந்தி மாட்டியாயிற்று. ரோச் தன் பேஸ் பையின் ஜிப்பைப் பாதிவரை இழுத்திருக்கிறான். அதை முழுவதும் திறப்பதோ திரும்ப மூடுவதோ தங்கள் விருப்பம். எனக்குத் தெரிவிக்கும் சிரமம் தங்களுக்கு வேண்டாம்.

தட்டுகள் ஆடினால் தெரிந்துகொள்வேன்.