எட்டாம் எண் பெட்டியில் ஒரு சந்து

எங்கள் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வருபவர்கள் இரண்டே வகை: வருகைப்பதிவு குறைந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள். நான் முதல் வகை. தண்டனையாக, அங்குள்ள பொருள்களுக்கெல்லாம் விவரச்சீட்டு எழுதும் வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

அன்று நாலு மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் கீழ்த்தளப் புறநோயாளிப் பிரிவின் டோக்கன். காலால் மிதித்துப் பல்லைக் குடையும் பழைய இயந்திரத்தைத் தாண்டி வந்தவர், எட்டாம் எண் கண்ணாடிப் பெட்டி முன் நின்றுவிட்டார்.

"தம்பி, இது என் பல்லு."

அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லை. மறுக்க முடியவில்லை.

பெயர் பச்சைமுத்து. செஞ்சி–மண்டகப்பட்டு டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செஞ்சி பஜாரில் பல்செட் கட்டிய தாண்டவராயனிடமே, அதில் விழுந்த விரிசலை ஒட்டக் கொடுத்திருக்கிறார். அதே வாரம் தாண்டவராயன் இறந்துபோனார். பூட்டிக் கிடந்த கடையை அவர் மகன் சாமானோடு எங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

"அதுல இன்னா எழுதிகீது, படி."

"மேல்வரிசைப் பல்செட். உரிமையாளர் தெரியவில்லை. முன்பற்களுக்கு நடுவே இடைவெளி: தயாரிப்புக் குறைபாடு." என் கையெழுத்துதான்.

"குறைபாடா? சொந்தப் பல்லுல சந்து இருந்துச்சு தம்பி. அதுலதான் விசில் அடிப்பேன். தாண்டவராயன் மொதல்ல சந்து இல்லாம கட்டிட்டான். ஊதுனா வெறும் காத்து. அரத்த எடுத்து ராவுடான்னேன். இத்தன அழகா கட்டுனத ராவச் சொல்றியேடா பாவின்னு திட்டிகினே ராவுனான். நாலு தரம் ராவி, நாலு தரம் கடை வாசல்ல நின்னு ஊதிப் பாத்தேன். நாலாவதுல ரோட்ல போன பஸ்சு நின்னுடுச்சு. போதும்னுட்டான்."

பெட்டியைத் திறக்கத் துறைத் தலைவர் அனுமதி வேண்டும். சாவி என்னிடம் இருந்தது.

"ஒரே ஒரு தரம் அடிச்சிப் பாத்துக்கறேன்" என்றார். கழுவிக் கொடுத்தேன்.

மாட்டினார். ஆடியது. பல்செட் அப்படியே இருக்க, ஈறு வற்றிவிட்டிருந்தது. இதைப் பற்றி எங்களுக்கு ஒரு முழுப் பாடமே உண்டு. ஊதினார். காற்றுதான் வந்தது.

பல்செட்டைப் பெருவிரலால் அண்ணத்தோடு அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

இரண்டு விசில்.

கீழே, நாலரைக்குப் புறப்பட வேண்டிய எங்கள் கல்லூரிப் பஸ், நாலேகாலுக்கே நகர்ந்தது. ஏறாத மாணவர்கள் பின்னால் ஓடினார்கள். பத்தடி போய் நின்றது. டிரைவர் வீரமணி இறங்கி, தன் காலை யார் மிதித்ததென்று தெரியாதவர்போல் சுற்றிப் பார்த்துவிட்டு, மேலே பார்த்தார். மண்டகப்பட்டு பஸ்ஸில் பதினோரு வருஷம் அவர்தான் டிரைவர்.

"டேய் பச்ச, நீயாடா?"

பெரியவர் கை மட்டும் காட்டினார். பல்செட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"வாயில நிக்கல. இங்கியே இருக்கட்டும்."

சீட்டில் 'குறைபாடு' என்பதை அடித்து, 'கேட்டு வாங்கியது' என்று எழுதினேன். உரிமையாளர் பெயரையும்.

அவர் டோக்கனை நீட்டினார். "புதுசு யாரு கட்டுவாங்க?"

"நான்தாங்கய்யா. பரீட்சைக்கு ஒண்ணு கட்டணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அரம் வெச்சிருக்கியா?"