துடைக்காமல் விட்ட கருமை

மதியத்துக்குப் பிறகு சோதனை அறைக்குள் வரும் வெயில், சுழலும் எஃகுத் தட்டின்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். தட்டை ஒரு சிறு வெண்கல முளை அழுத்திக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. பென்சில் முனையில் இருக்குமே, அந்த கிராஃபைட் தூளை வெண்கலத்தோடு கலந்து, அழுத்திச் சுட்டு, சோதனை செய்யும் அந்தப் பெண்ணே செய்த முளை.

ரொட்டி அடுப்புக்குள் ஓடும் சங்கிலிக்கு எண்ணெய் விட்டால் கருகிப் புகையும். அதன் அச்சைத் தாங்க, எண்ணெயே கேட்காத புஷ் எனும் உலோக வளையம் வேண்டும். இன்றும் முளை தேய்ந்தால் அவள் கலவையைக் கைவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

"என்னம்மா, உன் பிள்ளை காலையிலிருந்து அழுதுக்கிட்டே இருக்கு. தூக்கிக்கோயேன்" என்றார் பக்கத்து மேசை கடைசல்காரர், கீச்சிடும் முளையைக் காட்டி.

"அழுதாத்தாண்ணே நெஞ்சு பலப்படும். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

சொல்லிவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள். தட்டில் படிந்திருந்த கருமையை ஸ்பிரிட் நனைத்த துணியால் பளபளவென்று துடைத்து, மறுபடி ஓட்டினாள். முன்பு எண்ணெய் சோதிக்கும் பிரிவில் இருந்தவள். அங்கே துடைக்காமல் விட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"சுத்தக்காரி! தட்டுல முகம் பார்த்துத் தலை சீவலாம் போல!" என்று சிரித்தார் கடைசல்காரர்.

உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு. கன்னத்தில் கை வைத்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள். கனவில் ஒரு நீண்ட கூடத்தில் கால் பாவாமல் போய்க்கொண்டிருந்தாள். கதவுகள் தாமாக விலகின. ஒன்றும் முனகவில்லை. அவள் தொட்ட சுவரெல்லாம் மாலை நேரத்து நிழல்போல மெல்லக் கறுத்து, பட்டாய் வழுக்கியது.

அந்த நிசப்தம்தான் அவளை எழுப்பியது.

"ஐயோ, நின்னுபோச்சா?"

"நல்லா ஓடுது பாரு. பிள்ளை தூங்கிடுச்சு" என்றார் கடைசல்காரர், குரலைத் தாழ்த்தி.

தட்டில் மைக்கோடுபோல ஒரு கரிய வளையம். உராய்வு காட்டும் முள் அடியில் இறங்கிக் கிடந்தது. பழக்கத்தில் கை துணிக்குப் போனது; பாதியில் நின்றது.

"அண்ணே, இது அழுக்கில்லை. முளை தன் கிராஃபைட்டால தனக்குத் தானே விரிச்ச வழுவழுப்பான பாய். நான்தான் ஒவ்வொரு தடவையும் சுருட்டி எறிஞ்சிருக்கேன். பாவம், அது திரும்பத் திரும்பத் தன்னையே தேய்ச்சு விரிச்சிருக்கு!"

முளையைக் கழற்றித் தராசில் வைத்தாள். காலையில் தேய்ந்ததில் கால்வாசிகூட இப்போது தேயவில்லை.

எட்டிப் பார்த்த மேலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "தட்டு ஏம்மா இவ்வளவு கறுப்பா இருக்கு?"

"அப்படித்தான் சார் இருக்கணும்" என்றாள், இன்னும் பாதித் தூக்கத்திலிருந்த குரலில். "அடுப்புச் சங்கிலிக்கு இதே கலவையில புஷ் செய்யச் சொல்லலாம்."